குச்சி தந்த மரம், சிறகு தரும் பலகை

ஒரு தீக்குச்சியை எடுத்து, இரண்டு நுனிகளையும் பிடித்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். விரல்தான் வலிக்கும், குச்சி அறாது. அதே குச்சியின் நுனியில் நகத்தை வைத்து லேசாக நெம்பினால் நார் நாராகப் பிளந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு பொருளுக்கு ஒரு திசையில் அவ்வளவு உறுதியும் மறு திசையில் இவ்வளவு நோஞ்சான்தனமும் எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மரத்தில் விமானம் கட்டும் கலையின் அடித்தளத்துக்கே போய்ச் சேரலாம்.

பிளைவுட் விமான கிட்டுகள் இப்போது பொம்மைக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. உள்ளே இரண்டு மூன்று மெல்லிய பலகைகள் இருக்கும். அவற்றில் லேசர் கொண்டு வெட்டிய துண்டுகளை விரலால் அழுத்தி எடுத்து, எண் பார்த்து ஒன்றில் ஒன்றைச் செருகினால் இறக்கையும் வாலும் உடலுமாக ஒரு விமானம் எழுந்து நிற்கும். சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிற பொருள்தான். ஆனால் அந்தப் பலகைக்குள் இருக்கும் அறிவு, ஒரு காலத்தில் உலகின் மிக வேகமான போர் விமானங்களில் ஒன்றைக் கட்டிய அறிவு. அதன் முதல் பாடத்தை விருதுநகர் மாவட்டம் நூறாண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறது.

மரத்தை உரிக்கும் ஊர்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போய்த் திரும்பி, 1923இல் ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். மழை குறைந்த, காற்று உலர்ந்த கரிசல் பூமி அதற்குத் தோதாக இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், இரண்டுக்கும் லேபிள் அடிக்க அச்சகங்களும் வந்தன. சாத்தூர், கோவில்பட்டி வரை தீப்பெட்டித் தொழில் பரவியது. இந்த வரலாறு ஊரறிந்தது. தீக்குச்சி எப்படி உருவாகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மரத்தைப் பலகையாக அறுத்து, பலகையைக் குச்சியாக அறுத்தால் பாதி மரம் தூளாகப் போய்விடும். அதனால் குச்சிக்கான மரத்தை அறுப்பதில்லை, உரிக்கிறார்கள். தடியை இரு முனையிலும் கவ்விச் சுழற்றும் இயந்திரம் ஒன்று. தடியின் நீளம் முழுவதும் படும்படி ஒரு நீண்ட கத்தி. தடி ஒரு சுற்றுச் சுற்றும்போது கத்தி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே நகர்ந்தால், இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஏடு ஒன்று, சுருட்டிய பாயை விரிப்பதுபோல, தடியிலிருந்து அறுபடாமல் கழன்று வரும். இதுதான் வெனீர். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தடியை, நடுவில் 10 சென்டிமீட்டர் தண்டு மிஞ்சும்வரை இப்படி உரித்தால் சுமார் 31 மீட்டர் நீளத்துக்கு ஏடு கிடைக்கும். அதை அடுக்கி, நார் ஓடும் வாக்கிலேயே நறுக்கினால் குச்சி.

இதற்கு மென்மையான, நேரான நாருள்ள மரம் வேண்டும். பெருமரம் என்று நம் விவசாயிகள் சொல்லும் மரமும், அதன் உறவான மட்டியும் இந்த வேலைக்குப் பேர்போனவை. கேரளத்திலிருந்து தடியாகவும் குச்சியாகவும் சிவகாசிக்கு நெடுங்காலம் மரம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே விவசாயிகள் நட்டு வளர்க்க, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி தீக்குச்சிக்குப் பெருமரத்தையும் பிளைவுட்டுக்கு மலைவேம்பையும் பரிந்துரைத்து வந்திருக்கிறது. இந்த இரண்டு மரங்களும் ஒரே பட்டியலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. தீக்குச்சியும் பிளைவுட்டும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பிள்ளைகள். உரித்த ஏட்டை நறுக்கினால் தீக்குச்சி, ஒட்டினால் பிளைவுட்.

முன்பெல்லாம் தீப்பெட்டியின் கூடும் மர ஏட்டில்தான் செய்யப்பட்டது. இப்போது அட்டை வந்துவிட்டது. அந்தப் பழைய மரப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஏட்டை மடிக்க வேண்டிய இடங்களில் மட்டும் கீறலிட்டு, மற்ற இடங்களில் ஒடியாமல் வளைத்திருப்பார்கள். எந்த வாக்கில் வளைத்தால் மரம் தாங்கும், எந்த வாக்கில் கீறினால் மடங்கும் என்ற நுட்பம் அந்தச் சின்னக் கூட்டுக்குள் இருந்தது.

குறுக்கும் நெடுக்கும்

மரத்துக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை? வேரிலிருந்து உச்சிக்கு நீரை ஏற்ற வேண்டிய கட்டாயம் மரத்துக்கு உண்டு. அதனால் அதன் செல்கள் தண்டின் போக்கில் நீண்ட மெல்லிய குழாய்களாக வளர்கின்றன. குழாயின் சுவரில் செல்லுலோஸ் என்ற இழைகள், பெரும்பாலும் அதே நீளவாக்கில், நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. நாரின் வாக்கில் இழுக்கும்போது அந்தச் செல்லுலோஸ் இழைகளையே அறுக்க வேண்டும். குறுக்கே பிளக்கும்போதோ, குழாயையும் குழாயையும் சேர்த்து வைத்திருக்கும் லிக்னின் என்ற ஒட்டுப்பொருளைப் பிரித்தால் போதும். மரத்துக்கு மரம் மாறினாலும், நாரின் வாக்கில் இருக்கும் விறைப்பு குறுக்குவாக்கில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று நிற்கும்.

ஈரம் பட்டால் ஊதுவதிலும் இதே பாரபட்சம்தான். பச்சை மரம் காயும்போது நீளத்தில் சுருங்குவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். குறுக்கே நூற்றில் ஏழெட்டுப் பங்கு வரை சுருங்கும். வாசற்கதவு ஐப்பசி மழையில் இறுகிப்போவதும் சித்திரையில் இடைவெளி விடுவதும் இதனால்தான்.

பிளைவுட் இந்தப் பலவீனத்தைச் சமாளிக்கும் விதம் அழகானது. ஒரு ஏட்டின் நார் கிழக்கு மேற்காக ஓடினால், அதன்மேல் ஒட்டும் அடுத்த ஏட்டின் நார் தெற்கு வடக்காக ஓடும். மூன்றாவது ஏடு மறுபடி கிழக்கு மேற்கு. ஓர் ஏடு ஊத நினைக்கும் திசையில் பக்கத்து ஏட்டின் நீள நார் குறுக்கே நின்று தடுத்துவிடும். ஓர் ஏடு பிளக்கப் பார்க்கும் கோட்டை அடுத்த ஏடு தைத்துப் பிடித்துக்கொள்ளும். மரத்தின் குறை ஒன்றும் தீரவில்லை. ஒன்றின் குறைக்கு மற்றொன்றின் நிறை காவல் நிற்கிறது.

ஏடுகள் பெரும்பாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருப்பதற்கும் காரணம் உண்டு. நடு ஏட்டுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி அடுக்கு இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊதும், ஒரே அளவு சுருங்கும். பலகை நேராக நிற்கும். இரண்டே ஏடுகளை ஒட்டினால் ஈரம் மாறும்போது பலகை அப்படியே வளைந்துவிடும்.

இங்கேதான் கிட் வாங்கிய பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று ஏட்டுப் பலகை இரு திசையிலும் ஒரே பலம் கொண்டது என்று நினைத்துவிடக் கூடாது. வளைவை எதிர்க்கும் விறைப்பு, கனத்தின் மும்மடியாகக் கூடும். ஓர் ஏட்டின் கனம் 1 என்றால் மூன்று ஏட்டுக்கு விறைப்பு 3×3×3, அதாவது 27 பங்கு. நடு ஏடு மட்டும் தருவது அதில் ஒரே ஒரு பங்கு. மீதி 26 பங்கும் வெளி ஏடுகள் இரண்டிலிருந்து வருகிறது. ஆகவே வெளி ஏட்டின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் வளைவை எதிர்க்கும் பலம் அதிகம். பலகையின் மிச்சத்திலிருந்து ஒரே நீள அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள், ஒன்று மேல்நாரின் வாக்கில், மற்றொன்று அதற்குக் குறுக்கே. இரண்டையும் வளைத்துப் பார்த்தால் கையே சொல்லிவிடும். நல்ல கிட்டில் இறக்கையின் நடுத்தண்டு எப்போதும் மேல்நார் நீளவாக்கில் ஓடும்படிதான் வெட்டப்பட்டிருக்கும்.

அச்சகத் தொழிலில் இருப்பவர்களுக்கு பிளைவுட் இன்னொரு வழியிலும் பழக்கம். பட்டாசுப் பெட்டி, மிட்டாய்ப் பெட்டி என்று எந்த அட்டைப்பெட்டியையும் வடிவமாக வெட்ட டை வேண்டும். பல ஏடுகள் கொண்ட தடித்த பிளைவுட்டில் மெல்லிய பள்ளங்கள் வெட்டி, அதில் எஃகுப் பட்டிகளை இறுகச் செருகி டை செய்கிறார்கள். பள்ளம் தலைமுடிக் கனம் அகன்றால் பட்டி ஆடும், குறுகினால் ஏறாது. விமான கிட்டில் துண்டும் துண்டும் சேருகிற பொருத்தமும் இதே கணக்குத்தான். டை போடத் தெரிந்த கைக்கு விமான கிட் வெட்டுவது புதிய தொழில் ஆகாது.

பால் பசையில் ஒட்டிய போர் விமானம்

1910 மார்ச் மாதம் சென்னையில் ஒரு விமானம் பறந்தது. அதை வடிவமைத்தவர் ஊரில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கட்டிக்கொடுத்தது சிம்சன் நிறுவனம். சிம்சன் அப்போது பேர்பெற்ற கோச்சு வண்டிக் கம்பெனி. எடை குறைவாகவும் குலுக்கலைத் தாங்கும்படியும் மரத்தை இணைக்கத் தெரிந்த தச்சர்கள் அங்கே இருந்தார்கள். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டினார்கள். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டுகூட ஆகாத காலம் அது. அந்த விமானமும் மரமும் துணியுமாக இருந்ததுதான், அப்போதைய எல்லா விமானங்களையும் போல.

பின்னர் அலுமினியம் வந்தது. மரத்தின் காலம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோதுதான், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டி ஹேவிலாண்ட் நிறுவனம் மஸ்கிட்டோ என்ற மர விமானத்தைக் கட்டியது. 1940 நவம்பர் 25 அன்று முதன்முதலாகப் பறந்த அது, மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போய், எதிரியின் உலோகப் போர் விமானங்களைத் திணறடித்தது. மொத்தம் 7,781 மஸ்கிட்டோக்கள் கட்டப்பட்டன. உலோகத் தொழிற்சாலைகள் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் மேசை நாற்காலி செய்தவர்களும் பியானோ செய்தவர்களும் விமானம் செய்தார்கள்.

அதன் உடல்தான் பாடம். வெளியே மெல்லிய பிர்ச் மர பிளைவுட், உள்ளே அதேபோல இன்னொன்று, நடுவில் பால்சா மரம். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து வரும் பால்சா, நீரில் கால் பங்குகூட எடை இல்லாத மரம். ஒரு கன மீட்டர் பிர்ச் பிளைவுட் 650 முதல் 700 கிலோ இருக்கும். பால்சா சுமார் 160 கிலோதான். 1 மி.மீ. பிளைவுட்டின் எடைக்கு 4 மி.மீ. பால்சா கிடைக்கிறது. மரப்பொருளாகப் பார்த்தால் பால்சாவின் விறைப்பு பிர்ச்சில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கனம் நாலு மடங்கானதால், மும்மடி விதிப்படி 64 மடங்கு லாபம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரே எடைக்கு பால்சாத் தகடு ஏறத்தாழ 20 மடங்கு விறைப்பாக இருக்கிறது. அதன் குறை, மேற்பரப்பு நகம் பட்டாலே நசுங்கிவிடும் என்பது. அதனால் மேலும் கீழும் பிளைவுட்டைப் போர்த்தினார்கள். நசுங்காத தோல், தடித்த ஆனால் இலேசான நடு. இன்றைய விமானங்களின் கார்பன் நார்த் தகடுகள் பலவும் இதே அடுக்கு முறையில்தான் செய்யப்படுகின்றன.

தொடக்கத்தில் அந்த அடுக்குகளை ஒட்டிய பசை கேசின். பாலைத் திரித்தால் கிடைக்கும் புரதம் அது. பால் பசையில் ஒட்டிய விமானம் ஐரோப்பாவின் குளிரில் நன்றாகப் பறந்தது. 1944இல் இந்தியாவில் அது சோதனைக்கு உள்ளானது. வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் நின்ற மஸ்கிட்டோக்கள் சில பறக்கும்போதே சிதைந்தன, மற்றவை பறக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டன. பசை கெட்டதா, ஈரத்தில் மரம் ஊதிச் சுருங்கியதா, தொழிற்சாலையில் சரியாக ஒட்டவில்லையா என்று விசாரணைகள் ஆளுக்கொன்று சொல்லின. நம் ஊர் வெயிலும் மழையும் மரத்தை எவ்வளவு கடுமையாகச் சோதிக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. ஈரத்துக்கு அசையாத செயற்கைப் பசைகள் கேசினின் இடத்தைப் பிடித்தன.

சுதந்திர இந்தியாவும் மரத்தில் பறந்திருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தமும் அவருடைய குழுவினரும் 1950களிலும் 60களிலும் இன்ஜின் இல்லாத கிளைடர்களை வடிவமைத்தார்கள். அஸ்வினி, ரோகிணி, கார்த்திக் என்று நட்சத்திரப் பெயர்களாகப் பார்த்து வைத்தார்கள். 1961இல் பறந்த ரோகிணி, இருவர் அருகருகே அமர்ந்து பழகுவதற்கான மரக் கிளைடர். பறக்கக் கற்ற எத்தனையோ பேரை முதன்முதலாக வானில் ஏற்றியது அந்த மரம்தான்.

கிட்டைப் பிரித்ததும்

இனி மேசைக்கு வருவோம். பலகையைக் கையில் எடுத்ததும் லேசான புகை வாசனை வரும். லேசர் மரத்தை அறுப்பதில்லை. வெட்டுக்கோட்டில் இருக்கும் மரத்தை ஆவியாக்கிவிடுகிறது. ஓரம் கருகியிருப்பது அதனால். அந்தக் கருக்கின்மேல் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முனைகளை மட்டும் மெல்லிய உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அதிகம் தேய்த்தால் பொருத்தம் தளர்ந்துவிடும்.

துண்டுகளைப் பலகையிலிருந்து பிய்த்து எடுக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு மூன்று இடங்களில் மெல்லிய பாலம் ஒன்று பிடித்திருக்கும். பிளேடால் அதை அறுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் முழுசாக வரும். பிய்த்தால் மேல் ஏடு நாராக உரிந்து கூடவே வந்துவிடும்.

முதலில் பசை இல்லாமல் முழு விமானத்தையும் செருகிப் பார்க்க வேண்டும். உடலின் குறுக்கே நிற்கும் வட்டத் துண்டுகள், அவற்றைக் கோக்கும் நீளத் தண்டுகள், இறக்கையின் விலாக்கள் என்று ஒவ்வொன்றிலும் பலகையின் கனத்துக்குச் சமமான காடி வெட்டியிருக்கும். ஒரு துண்டில் மேலிருந்து பாதி வரை காடி, மற்றதில் கீழிருந்து பாதி வரை. இரண்டும் ஒன்றையொன்று கவ்வும்போது சரியாகச் செங்கோணத்தில் நிற்கும். கட்டில் செய்யும் தச்சர் இதைப் பாதிக்குப் பாதி என்பார். விலாவின் வடிவத்தைக் கூர்ந்து பாருங்கள்: முன்பக்கம் உருண்டு, மேலே வளைந்து, பின்னே கூராக முடிந்திருக்கும். காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு அந்த எதிர்விசையில் விமானம் மேலே நிற்பது இந்த வடிவத்தாலும் சாய்வாலும்தான். விலாவின் நடுவே ஓட்டைகள் இருக்கும். வளையும்போது பொருளின் நடுப்பகுதிக்குச் சுமை குறைவு. சுமை குறைந்த இடத்தில் எடையையும் குறைத்திருக்கிறார்கள்.

ஒட்டுவதற்கு வெள்ளை மரப்பசை போதும். அது காய்வதென்றால் அதிலுள்ள நீர் மரத்துக்குள் இறங்குவதும் காற்றில் போவதும்தான். அதனால் நிறைய வைத்தால் பலம் கூடாது. காய நேரம்தான் கூடும், மெல்லிய விலா ஈரம் குடித்து வளையவும் செய்யும். மெல்லியதாகத் தடவி, துணிக் கிளிப்பால் கவ்வி அரை மணி நேரம் விடுங்கள்; முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். சிவகாசியின் உலர்ந்த காற்றில் இந்த வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

ராக்கெட் குச்சியும் விமானத்தின் வாலும்

இந்த வகை முழு பிளைவுட் கிட்டுகளில் பெரும்பாலானவை அலமாரியில் நிற்கத்தான். பறக்க முடியாத அளவுக்கு அவற்றுக்கு எடை அதிகம். பறக்கும் மாதிரிகளில் பால்சாவோ தெர்மாகோலோ உடலாக இருக்கும். இன்ஜின் பொருத்தும் முகப்பு, சக்கரம் தாங்கும் இடம் போன்ற அடிபடும் இடங்களில் மட்டும் பிளைவுட் வைப்பார்கள். எதுவானாலும், கையால் எறிந்த ஒரு கிளைடர் நேராகப் போவதும் தலைகுப்புற விழுவதும் முக்கியமாக ஒரு விஷயத்தைப் பொறுத்தது: எடைமையம் எங்கே இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளத் தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் குழாய் கொஞ்ச நீளம்தான். குச்சி அதைப்போலப் பல மடங்கு. குச்சி ஒடிந்த ராக்கெட் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. குச்சியின் எடை கீழே தொங்குவதால்தான் ராக்கெட் நிமிர்ந்து போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ராக்கெட் சாய்ந்தால் அதைத் தள்ளும் நெருப்பின் திசையும் கூடவே சாய்ந்துவிடுகிறது. தொங்கும் எடை அதை நிமிர்த்தாது. 1926இல் அமெரிக்காவின் ராபர்ட் காடர்ட் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவியபோது, அவரும் இன்ஜினை மேலே வைத்து எரிபொருள் தொட்டிகளைக் கீழே வைத்திருந்தார். பிறகு அந்த அமைப்பைக் கைவிட்டார்.

உண்மையில் வேலை செய்வது காற்று. குச்சி நீளமானது, ஆனால் இலேசானது. அதைக் கட்டும்போது ராக்கெட்டின் எடைமையம் கொஞ்சம்தான் பின்னே நகரும். பக்கக் காற்று அழுத்தும் மையமோ வெகுதூரம் பின்னே போய்விடும். ராக்கெட் சற்றே திரும்பினால், பின்னாலிருக்கும் அந்த அழுத்தம் வாலைத் தள்ளித் தலையைப் பழைய திசைக்குக் கொண்டுவந்துவிடும். எடை முன்னே, காற்றின் பிடி பின்னே. அம்புக்கு இறகு கட்டுவதும் இந்த விதிப்படிதான்.

விமானத்தின் வாலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. மூக்கு தூக்கினால், பின்னாலிருக்கும் வால் தகட்டின் அடியில் காற்று மோதி வாலை உயர்த்தும், மூக்கு இறங்கும். 1871 ஆகஸ்டில் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் ரப்பர் முறுக்கில் ஓடும் சிறு மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். வாலை மிகச் சரியான கோணத்தில் வைத்திருந்ததால், யாரும் ஓட்டாமல் தானே நிலைகொண்டு 11 விநாடி பறந்தது. பெனோ செய்த இன்னொரு ரப்பர் பொம்மை ஹெலிகாப்டர். அந்த மாதிரியில் செய்த பொம்மை ஒன்றைத்தான் 1878இல் ஓர் அமெரிக்கத் தந்தை தம் இரண்டு மகன்களுக்கு வாங்கிக் கொடுத்தார். வில்பருக்கும் ஆர்வில் ரைட்டுக்கும் பறக்கும் ஆசை அங்கேதான் தொடங்கியது என்று அவர்களே பின்னாளில் சொன்னார்கள்.

உங்கள் கிளைடரைச் சோதிக்க ஒரு விரல் போதும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே, இருபுறமும் விரல் நுனியை வைத்துத் தூக்குங்கள். நேராக நின்றால் சரி. வால் தாழ்ந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண் வையுங்கள். எறிந்ததும் மேலே ஏறி, நின்று, சரிந்தால் மூக்குக்கு இன்னும் எடை வேண்டும். விர்ரென்று தரையில் குத்தினால் எடையை எடுக்க வேண்டும். இறக்கையின் இரு நுனிகளையும் நடுவைவிடச் சற்று உயர்த்தி ஒட்டினால், பக்கவாட்டில் சாய்ந்தாலும் தானே நிமிரும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கிளைடரில் ராக்கெட் பட்டாசையோ வேறு மருந்தையோ கட்டிப் பறக்கவிடும் ஆசை வேண்டவே வேண்டாம். மருந்தின் ஆபத்தை இந்த மாவட்டத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சிறியதாக இருப்பதில் ஒரு பெரிய சலுகையும் உண்டு. ஒரு விமானத்தை எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் இறக்கையின் பரப்பு நூற்றில் ஒன்றாகும். எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்க வேண்டியது பத்தில் ஒரு பங்குதான். மணிக்கு 90 கிலோமீட்டரில் பறக்க வேண்டியது 28 கிலோமீட்டரிலேயே மிதக்கும். விழுந்தாலும் பெரிதாக உடையாது. தப்பானால் திருத்தி மறுபடி எறியலாம். விமான அறிவியலை உயிருக்குச் சேதமில்லாமல் கற்றுக்கொள்ள இயற்கை கொடுத்திருக்கும் அனுமதி இது.

நம் பிள்ளைகளின் கைகளுக்கு

சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி ஆபீஸ்களில் சிறு பிள்ளைகள் கட்டையில் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் கூலி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் இடம் பள்ளிக்கூடம் என்று உறுதி செய்தது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பறையில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் மரமும் பசையும் மறுபடி வர வேண்டும், இந்த முறை கூலிக்காக அல்லாமல் அறிவுக்காக.

ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம், 1950களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது அங்கே பாடத்துக்காக நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் தம்மை எப்படி ஈர்த்தன என்று எழுதியிருக்கிறார். தொட்டுப் பார்க்க ஒரு பொருள் கிடைத்தது. மற்றது தானாக நடந்தது. எல்லாப் பள்ளிக்கும் விமானம் கொடுக்க முடியாது. ஒரு பிளைவுட் பலகை கொடுக்க முடியும்.

வேண்டிய எல்லாமே இந்த மாவட்டத்துக்குள் இருக்கின்றன. வெனீரைத் தெரிந்த தீப்பெட்டித் தொழில் இருக்கிறது. பிளைவுட்டை மயிரிழைத் துல்லியத்தில் வெட்டும் டை தொழில் இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். என்.சி.சி. விமானப் பிரிவின் பயிற்சியில் மாதிரி விமானம் கட்டுவது நெடுநாளாகவே ஒரு பாடம். இவர்களை ஒரு மேசைக்கு அழைத்தால், வெளியூர்க் கம்பெனியின் கிட்டுக்குக் காத்திருக்காமல் சிவகாசியிலேயே வெட்டிய, தமிழில் வழிமுறை அச்சிட்ட விமான கிட்டை ஒவ்வொரு அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கும் கொடுத்துவிடலாம்.

தலைமை ஆசிரியர்களே, அச்சக முதலாளிகளே, வரும் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒருமுறை சந்தித்துப் பேசுங்கள். பெற்றோரே, பிள்ளை கேட்கும் அடுத்த பொம்மை ஒரு பலகையாக இருக்கட்டும். கூட உட்கார்ந்து ஒட்டுங்கள். நாரின் திசையைக் கண்ணால் பார்த்து, எடைமையத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்த ஒரு பிள்ளைக்கு, இயற்பியல் புத்தகத்தைப் பார்த்துப் பயம் வராது.